ஐந்தாம் தேதி

ஒவ்வொரு ஐந்தாம் தேதியும்
சில்க் போர்டு சிக்னலில் நிற்கும்போதுதான் வரும்.
கன்னடத்தில் இரண்டு வரி:
கேத்தம்மா அவர்களே,
உங்கள் முப்பத்தைந்து கிலோ அரிசி தயார்,
விரல் வைத்துப் பெற்றுக்கொள்ளவும்.

நான் கேத்தம்மா இல்லை.
ஓசூரைத் தாண்டி வந்து பதினோரு வருஷமாக
பொம்மனஹள்ளியில், மூன்றாவது மாடியில்,
அடுத்தவர் எழுதிய மென்பொருளில் பிழை தேடிச்
சம்பளம் வாங்குகிறவன்.

அந்த விரல் கருவிக்கும் நான்தான் பிழை தேடினேன்.
ஈர விரல், மருதாணி விரல், எண்ணெய் விரல்,
வெங்காயம் நறுக்கிப் பிளாஸ்திரி ஒட்டிய விரல்.
நாற்பத்திரண்டு சோதனை.
நாற்பத்திரண்டும் பச்சை.
சோதித்த விரல்கள் எல்லாமே
எங்கள் மாடியில் காபி குடிப்பவை.

தொடக்க விழாவுக்கு
மலையிலிருந்து வேனில் கூட்டி வந்தார்கள்.
ஐந்து மணி நேரம். வளைவுக்கு வளைவு வாந்தி.
ஊர் எது என்றேன்.
ஹொன்னேபாவிப் போடு, என்றான் கூட வந்த பையன்.
பட்டியலில் ஹொன்னள்ளி இருந்தது,
ஹொன்னூர் இரண்டு இருந்தது.
இல்லாத ஊருக்கென்று ஏற்கெனவே
கடைசியில் ஒரு வரி வைத்திருந்தோம்:
மற்றவை.
அதைத் தொட்டேன்.

மந்திரி வர இருபது நிமிடம்.
கேத்தம்மா கட்டைவிரலை வைத்தார். சிவப்பு.
சுட்டுவிரல். சிவப்பு.
பத்தையும் வைத்து முடித்துவிட்டுச்
செருப்பைக் கழற்றி,
கால்விரல் வேண்டுமா என்று கேட்டார்.
கேலியா நிஜமா, இன்றுவரை தெரியாது.

நெல்லியும் மரப்பாசியும் பறித்த விரல்கள்.
பறிக்கக் கூடாதென்று உத்தரவு வந்தபின்
எஸ்டேட்டில் மிளகு,
எஸ்டேட் நின்றதும் ரோட்டுக்கு ஜல்லி,
ரோடு பாதியில் நின்றதும்
இந்த அட்டை.
ரேகை இருந்த இடம்
ஆற்றுக்கல் மாதிரி மழமழவென்று.

மேலாளர் என் காதில் சொன்னார்:
உன் விரலை வை, இப்போதைக்கு.
வைத்தேன்.
கைபேசி எண் கேட்டது. அவரிடம் இல்லை.
என்னுடையதைத் தட்டினேன்.

மேடையில் அவர் விரல் வைத்த கருவிக்கு
ஒயர் கிடையாது.
ஒயர் இருந்தது மேசை விரிப்புக்கு அடியில்,
அங்கே நான் குந்தியிருந்தேன்.
பச்சை எரிந்தது. கை தட்டினார்கள்.
எதிரே மந்திரியின் ஷூ, அவர் வெடித்த குதிகால்.

இறங்கி வந்ததும் என் கட்டைவிரலைப் பிடித்துத்
திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
சப்போட்டா வாங்குகிறவர் போல அழுத்தினார்.
'மெத்தகிதெ' என்றார், மெத்தென்றிருக்கிறதாம்.
பாதி குடித்த தண்ணீர் பாட்டிலை இறுக மூடிப்
பையில் போட்டுக்கொண்டு வேனுக்கு நடந்தார்.

திருத்தச் சொல்லி மூன்று முறை எழுதினேன்.
பயனாளி நேரில் வரவேண்டும் என்றது முதல் பதில்.
பதிவு வெற்றி, ஆகவே பிழை இல்லை என்றது அடுத்தது.
மூன்றாவதற்குப் பதிலே இல்லை, மூடிவிட்டார்கள்.
மூடியவர் பெயரைப் பார்த்தேன்,
பக்கத்து மேசை நவ்யா.
சாப்பிடும்போது கேட்டேன்.
'நாற்பத்தெட்டு மணி நேரத்தில் மூடாவிட்டால்
என் பெயருக்கு நேரே சிவப்பு விழும்' என்றாள்.
தயிர்சாதத்தில் பாதி எனக்குத் தந்தாள்.

ரேஷன் கடைக்காரர்
டவர் கிடைக்கும் வளைவுக்கு வருவது வியாழக்கிழமை.
நாலாவது வியாழனில் பிடித்தேன்.
'அரிசி இருக்கு சார், விரல்தான் இல்ல.'
அந்த அம்மா வருகிறாரா?
'வந்துட்டு இருந்தாங்க.'
அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை,
லைன் போய்விட்டது.
போகாமல் இருந்தாலும்
கேட்டிருப்பேனா, தெரியவில்லை.

இன்று ஐந்து.
செய்திக்குக் கீழே புதிதாக ஒரு கேள்வி:
எங்கள் சேவை எப்படி இருக்கிறது?
ஒன்றிலிருந்து ஐந்துக்குள் தொடவும்.
பின்னால் பஸ்காரன் ஹாரனை விடாமல் அடிக்கிறான்.
கட்டைவிரல் திரைமேல் நிற்கிறது.
எதைத் தொட்டாலும்
கேத்தம்மா சொன்னதாகத்தான் ஏறும்.